பொட்டிக்குள்ள அடைச்ச காத்து

டிஸ்கி: நீளமான பதிவு. ஆணி அதிகமா இருக்கறவங்க சாயங்காலமா வந்து படிங்க. பதிவு எங்கேயும் ஓடிப்போயிடாது :-)

பொட்டி தட்டிப் பொழைக்கிற நான் இன்னைக்கு வேற ஒரு பொட்டியைப் பத்தி எழுதப்போறேன். ஸ்பீக்கர் பொட்டி.

ஆபீஸ்ல மாசத்துக்கு ஒருத்தராவது வந்து கேக்கறாங்க. "பாஸ், கையில கொஞ்சம்தான் காசு இருக்கு. வீட்டுல நல்லா பாட்டு கேக்கணும். என்ன வாங்கலாம்?" நான் திருப்பிக் கேக்கற கேள்வி எப்பவும் ஒண்ணுதான். "எதை விட்டுக்கொடுப்பீங்க?" கேட்டவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பேரம் பேசற கடைக்காரன் மாதிரி தெரியும் போல. ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி எழுபது வருஷத்துக் கதை இருக்கு. நல்ல ஒலி பணக்காரங்க வீட்டு ஹாலை விட்டு இறங்கி நம்மளை மாதிரி ஆளுங்க ரூமுக்கு வந்த கதை அது. அதைத்தான் சொல்லப்போறேன்.

மூணுல ரெண்டு

முதல்ல கொஞ்சம் இயற்பியல். பயப்படாதீங்க, நானே அரியர் வெச்சு பாஸ் பண்ணவன்தான்.

ஒரு ஸ்பீக்கர்கிட்ட நாம மூணு விஷயம் எதிர்பார்க்கறோம். ஒண்ணு, பொட்டி சின்னதா இருக்கணும். ரெண்டு, பேஸ் நல்லா கீழே வரைக்கும் போகணும் (தவில், மிருதங்கத்தோட தொப்பிப் பக்கம், பேஸ் கிட்டார், இதெல்லாம்). மூணு, கொஞ்சம் கரண்ட் குடுத்தாலே பலமா சத்தம் வரணும். இந்த மூணுல எந்த ரெண்டு வேணும்னாலும் எடுத்துக்கலாம். மூணும் சேர்ந்து கிடைக்காது. ஜோசஃப் ஆன்டன் ஹாஃப்மன் என்கிற அமெரிக்கர் இதை ஒரு விதியாவே எழுதி வெச்சார். ஆடியோ உலகத்துல அதுக்கு 'ஹாஃப்மனின் இரும்பு விதி'ன்னு பேரு. இரும்பு மாதிரி வளையாதாம்.

நம்ம ஊர்லயே இதைப் பார்த்திருப்பீங்க. ஆடி மாசம் மரத்து உச்சியில கட்டற குழாய் ஸ்பீக்கர் இருக்கே, அது சின்னது. கொஞ்சம் வாட்ஸ் குடுத்தாலே நாலு தெருவுக்குக் கேக்கும். ஆனா அதுல பேஸ் இருக்காது, எல்லாப் பாட்டும் மூக்கால பாடற மாதிரிதான் வரும். அடுத்து, டீக்கடையிலயும் கல்யாண மண்டபத்துலயும் பார்த்த ஆளுயர மரப்பொட்டி. சத்தமும் உண்டு, பேஸும் உண்டு. ஆனா அதை வீட்டுக்குள்ள வெச்சா நாம வெளியே படுக்கணும். ஸ்பீக்கரை மண்பானை வாயில கவுத்து வெச்சு பாட்டு கேட்ட அண்ணன்களும் நம்ம ஊர்ல உண்டு. அந்தப் பானை எதுக்குன்னு கொஞ்ச நேரத்துல புரியும். சும்மா ஸ்டைலுக்கு இல்லை.

இந்த விதியில கணக்கும் இருக்கு. ஒரே திறனோட, பேஸ் இன்னும் ஒரு ஸ்தாயி கீழே போகணும்னா, அதாவது அதிர்வெண் பாதியாகணும்னா, பொட்டியோட கொள்ளளவு 8 மடங்கு ஆகணும். ரெண்டு மடங்கு இல்லை சாமி, எட்டு மடங்கு!

1954க்கு முன்னாடி

1940கள்லயும் 50கள் ஆரம்பத்துலயும் அமெரிக்காவுல நல்ல ஒலி வேணும்னா பெரிய பொட்டிதான் ஒரே வழி. 1946ல பால் க்ளிப்ஷ் கொண்டுவந்த க்ளிப்ஷ்ஹார்ன் இதுக்கு நல்ல உதாரணம். ரூமோட மூலையில வெக்கணும். அந்த ரெண்டு சுவரையுமே ஹார்னோட தொடர்ச்சியா பயன்படுத்திக்கற அற்புதமான டிசைன். ஆனா பீரோ அளவு இருக்கும்.

ஏன் எல்லாரும் அப்படிப் பண்ணாங்க? காரணம் ஆம்ப்ளிஃபையர். வால்வு காலம். ஒவ்வொரு வாட்டும் காசு. 10 வாட்ஸ் இருந்தாலே அது நல்ல ஆம்ப்ளிஃபையர். அதனால கிடைக்கிற கொஞ்ச கரண்ட்டை வீணாக்காத ஸ்பீக்கர்தான் வேணும்னு எல்லாரும் முடிவு பண்ணியிருந்தாங்க. திறன் வேணும், பேஸும் வேணும். அப்போ விட்டுக்கொடுத்தது பொட்டியோட சைஸை. பெரிய பொட்டின்னா பெரிய வீடு, பெரிய வீடுன்னா பெரிய சம்பளம். இவ்வளவுதான் கணக்கு.

வூட்ஸ்டாக் வாத்தியார்

எட்கர் வில்ச்சர் 1917ல நியூயார்க்ல பொறந்தவர். படிச்சது கலை வரலாறு! (இன்ஜினியரிங் படிச்ச நாமெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக்கலாம்.) ரெண்டாம் உலகப்போர்ல ராணுவத்துல மின்னணுக் கருவிகளைப் பராமரிக்கிற வேலை பார்த்து எலெக்ட்ரானிக்ஸ் கத்துக்கிட்டார். திரும்பி வந்து நியூயார்க்ல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சார். அப்புறம் நியூயார்க் பல்கலைக்கழகத்துல ஒலி மறுபதிவு பத்தி சாயங்கால வகுப்பு எடுத்தார். குடியிருந்தது வூட்ஸ்டாக்ல.

அவர் யோசிச்சது இதுதான். ஸ்பீக்கரோட கூம்பு முன்னும் பின்னும் ஆடுது. ஆடினது திரும்ப நடுவுக்கு வரணும்னா ஒரு ஸ்பிரிங் வேணும். எல்லா ஸ்பீக்கர்லயும் அந்த ஸ்பிரிங் வேலையைப் பார்த்தது கூம்பைச் சுத்தி இருக்கற விளிம்பும், பின்னாடி இருக்கற மடிப்புத் துணியும். கொஞ்சமா ஆடும்போது இது ஒழுங்கா இருக்கும். பேஸ் வாசிக்கும்போது கூம்பு ரொம்ப தூரம் ஆடணும். அப்போ அந்தத் துணி ஒரு கட்டத்துக்கு மேல இழுத்துப் பிடிக்கும். இழுப்பு சீரா இருக்காது. அதுதான் பேஸ்ல வர்ற கரகரப்பு.

வில்ச்சர் கேட்ட கேள்வி: இந்த ஸ்பிரிங்கையே தூக்கிட்டா என்ன? விளிம்பை லொடலொடன்னு தளர்வா விட்டுட்டு, பொட்டியைக் காத்து போகாம இறுக்கி மூடிட்டா? கூம்பு உள்ளே போகும்போது உள்ள இருக்கற காத்து நசுங்கித் திருப்பித் தள்ளும். வெளியே வரும்போது உள்ள காத்து விரிஞ்சு இழுக்கும். அதாவது காத்தே ஸ்பிரிங். துணியை விட, மடிப்பை விட, காத்து ரொம்ப ஒழுங்கான ஸ்பிரிங். (சைக்கிள் பம்ப் வாயை விரலால அடைச்சுட்டு அழுத்திப் பாருங்க, புரியும். பானை மர்மமும் இப்போ பாதி புரிஞ்சிருக்கும். பானை வாயில ஸ்பீக்கர் உக்காந்தா அதுவும் கிட்டத்தட்ட ஒரு மூடின பொட்டி. கூம்போட பின்பக்கத்து அலை முன்பக்கத்துக்கு வந்து பேஸை அழிக்க முடியாது.)

இதுல அழகான விஷயம் என்னன்னா, காத்து ஸ்பிரிங்கா வேலை செய்யணும்னா பொட்டி சின்னதாத்தான் இருக்கணும். பெருசா இருந்தா காத்துக்கு அந்த விறைப்பு வராது. அதுவரைக்கும் சின்னப் பொட்டிங்கறது ஒரு சமரசம். வில்ச்சர் கையில அது டிசைனோட ஒரு பாகமாவே ஆயிடுச்சு.

முதல் மாதிரிக்கு அந்தத் தளர்வான விளிம்பு வேணுமே, கடையில எங்கே கிடைக்கும்? மெத்தை உறைத் துணியை எடுத்து அவர் மனைவி ரோஸ்மேரி தையல் மெஷின்ல தைச்சுக் குடுத்தார். ஆடியோ வரலாற்றுல எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி இதுதான்.

இலவசமா ஒண்ணும் கிடைக்காதே? இரும்பு விதி இருக்கே! கூம்பைக் கனமாக்கணும். கனமான கூம்பைத் தள்ள நிறைய கரண்ட் வேணும். திறன் படுத்துடும். வில்ச்சர் அதைத் தெரிஞ்சேதான் விட்டுக்கொடுத்தார்.

இந்த யோசனையை அவர் முதல்ல பெரிய ஸ்பீக்கர் கம்பெனிகளுக்கு விக்கத்தான் பார்த்தார். ஆல்டெக் லான்சிங், போசாக் ரெண்டுமே வேண்டாம்னுட்டாங்க.

வாத்தியாரும் மாணவனும்

அவர் வகுப்புல ஹென்றி க்ளாஸ்னு ஒரு பையன். 1929ல பொறந்தவர், எம்.ஐ.டி.யில படிப்பைப் பாதியில விட்டவர். ராணுவத்துல இருந்தபடியே சாயங்காலம் வந்து பாடம் கேட்டுக்கிட்டிருந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்துல கேம்ப்ரிட்ஜ்ல ஒரு மாடியில ஏற்கெனவே ஸ்பீக்கர் பொட்டி செஞ்சு தபால்ல வித்துக்கிட்டும் இருந்தார். வாத்தியார்கிட்ட ஐடியா, மாணவன்கிட்ட பட்டறை. 1954ல ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் 'அக்கூஸ்டிக் ரிசர்ச்', சுருக்கமா ஏ.ஆர்.

அதே 1954 அக்டோபர்ல நியூயார்க் ஆடியோ கண்காட்சியில ஏ.ஆர்-1ஐ வெச்சாங்க. ஒரு ஆள் தூக்கிட்டு வந்து புத்தக அலமாரியில வெக்கக்கூடிய பொட்டி. விலை 185 டாலர். பேஸ் 40 ஹெர்ட்ஸ் பக்கம் வரைக்கும் சுத்தமா இறங்குச்சு. ஒரு வேடிக்கை பாருங்க. இதுல பேஸுக்கு மேல இருக்கற ஒலிகளுக்குப் போட்டிருந்த 8 அங்குல ஸ்பீக்கர், ஐடியாவே வேண்டாம்னு அனுப்பின அதே ஆல்டெக்கோட சரக்கு!

185 டாலர் அன்னைக்குச் சின்னக் காசு இல்லை. ஆனா 1957ல வந்த ஏ.ஆர்-2 நூறு டாலருக்குள்ள வந்துடுச்சு. 1958ல வந்த ஏ.ஆர்-3ல வில்ச்சர் இன்னொரு புதுமையும் சேர்த்தார்: குவிமாடம் மாதிரி இருக்கற டோம் ட்வீட்டர். இன்னைக்கு உங்க வீட்டு ஸ்பீக்கர்ல மேல பட்டன் மாதிரி துருத்திக்கிட்டு இருக்கே, அதோட முன்னோடி. ஏ.ஆர்-3 இப்போ வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தோட சேகரிப்புல இருக்கு.

1957லயே க்ளாஸுக்கும் வில்ச்சருக்கும் முட்டிக்கிச்சு. க்ளாஸ், மால்கம் லோ, ஹாஃப்மன் மூணு பேரும் வெளியே வந்து தங்கள் பேரோட முதல் எழுத்துகளைச் சேர்த்து கே.எல்.எச். ஆரம்பிச்சாங்க. ஆமாம், அந்த இரும்பு விதி ஹாஃப்மன்தான். அவர் அப்பா ஜோசஃப் ஹாஃப்மன் உலகப் புகழ் பியானோ கலைஞர். அவரே ஒரு கண்டுபிடிப்பாளரும்கூட. காருக்குக் காத்தால வேலை செய்யற அதிர்வு தாங்கி கண்டுபிடிச்சவர். அப்பா காருக்குக் காத்து ஸ்பிரிங், பிள்ளை ஸ்பீக்கருக்குக் காத்து ஸ்பிரிங். என்ன குடும்பம்யா!

காப்புரிமை போச்சு, ஊருக்கு லாபம்

வில்ச்சருக்கு 1956 டிசம்பர்ல காப்புரிமை கிடைச்சது. பிற்பாடு எலெக்ட்ரோ-வாய்ஸ் கம்பெனி அதை எதிர்த்து வழக்காடுச்சு. ஹாரி ஓல்சனும் ப்ரெஸ்டனும் 1949லயே வாங்கியிருந்த காப்புரிமையைக் காட்டினாங்க. கோர்ட் வில்ச்சரோட காப்புரிமை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. வில்ச்சர் மேல்முறையீடு பண்ணலை.

அதுக்கப்புறம் யார் வேணும்னாலும் மூடின சின்னப் பொட்டி செய்யலாம்னு ஆயிடுச்சு, செஞ்சாங்க. இதனால ஏ.ஆர். ஒண்ணும் மூழ்கலை. 1966 வாக்குல அமெரிக்க ஸ்பீக்கர் சந்தையில ஏறத்தாழ மூணுல ஒரு பங்கு அவங்ககிட்டதான் இருந்தது. திறந்த மூல மென்பொருள் பத்தி எவனாவது "எல்லாத்தையும் குடுத்துட்டா எப்படிப் பொழைக்கறது"ன்னு கேட்டா இந்தக் கதையைச் சொல்லுங்க.

ரெண்டு பொட்டி வந்த நேரம்

அடுத்து காலம் செஞ்ச உதவி. 1957 கடைசியிலயும் 1958லயும் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்துச்சு. ஸ்டீரியோன்னா ரெண்டு ஸ்பீக்கர். ஒரு பீரோவை மூலையில வெக்க சம்மதிச்ச வீட்டம்மா ரெண்டாவது பீரோவுக்கு எங்கே போவாங்க? அலமாரியில உக்கார்ற பொட்டிக்கு இதை விட நல்ல நேரம் வேற கிடையாது.

ஆனா திறன் குறைஞ்ச ஸ்பீக்கர்னா நிறைய வாட்ஸ் வேணுமே, அதுவும் ரெண்டு சேனலுக்கு? இங்கேதான் ஃபிலடெல்ஃபியாவுல இருந்து டேவிட் ஹாஃப்லர் வர்றார் (ஹாஃப்மன் வேற, ஹாஃப்லர் வேற, குழப்பிக்காதீங்க). அவரோட டைனாக்கோ கம்பெனி 1959ல ஸ்டீரியோ 70 என்கிற ஆம்ப்ளிஃபையரை விட்டுச்சு. சேனலுக்கு 35 வாட்ஸ். உதிரிப்பாகமா வாங்கினா 99 டாலர் 95 சென்ட். கஷ்டமான சர்க்யூட் போர்டை மட்டும் கம்பெனியே செஞ்சு குடுத்துடும். மீதியை நீங்க சாயங்காலம் உக்காந்து சால்டரிங் பண்ணிக்கணும். லட்சக்கணக்குல வித்துச்சு. ஹாஃப்லர் எதை விட்டுக்கொடுத்தார்? பொருத்தற கூலியை. சர்க்யூட்ல கை வைக்கலை.

1961ல ஏ.ஆர். ஒரு டர்ன்டேபிள் விட்டாங்க. முதல்ல 58 டாலர், அப்புறம் 78 ஆச்சு. பார்க்க அநாதை மாதிரி இருக்கும். தட்டு தானா மாத்தற வசதி கிடையாது, பளபளப்பு கிடையாது. ஆனா தட்டும் கையும் ஒரே சட்டத்துல, அந்தச் சட்டம் மூணு ஸ்பிரிங்ல தொங்கும், மோட்டார் தனியா மேல்தகட்டுல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெல்ட் மட்டும்தான். பாடிக்கிட்டிருக்கும்போதே மேல்தகட்டைச் சுத்தியலால தட்டிக் காட்டுவாங்க, ஊசி குதிக்காது. பிற்காலத்துல இதை விடப் பல மடங்கு விலைக்கு வித்த பிரிட்டிஷ் டர்ன்டேபிள்களும் இதே அமைப்பைத்தான் எடுத்துக்கிட்டாங்க.

60கள் நடுவுல ஏ.ஆர்-4எக்ஸ்னு ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒண்ணு சுமார் 57 டாலர். இப்போ கூட்டிப் பாருங்க. டர்ன்டேபிள் 78, ஸ்பீக்கர் ஜோடி 114, டைனாக்கோவோட 100 டாலர் சொச்ச ஆம்ப்ளிஃபையர் கிட் ஒண்ணு. 300 டாலருக்குள்ள முழு ஸ்டீரியோ. வேலைக்குச் சேர்ந்த பையன் நாலு மாசம் சேர்த்து வெச்சு வாங்கற ரேஞ்சுக்கு வந்துடுச்சு.

சரி, இது நிஜமாவே நல்ல ஒலியா, இல்லை விலைக்கேத்த பணியாரமா? வில்ச்சர் அதையும் மேடையிலயே காட்டினார். ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்கிற நாலு பேர் கொண்ட தந்தி வாத்தியக் குழுவை உக்கார வெச்சு, கொஞ்ச நேரம் நிஜமா வாசிக்க விட்டு, நடுவுல சத்தமே இல்லாம ஏ.ஆர்-3 ஸ்பீக்கருக்கு மாத்திடுவாங்க. கலைஞர்கள் வாசிக்கிற மாதிரி வில்லை மட்டும் ஆட்டுவாங்க. எங்கே மாறுச்சுன்னு சபையில பெரும்பாலானவங்களால கண்டுபிடிக்க முடியலை. அந்த மேடையில இருந்ததும் டைனாக்கோ ஆம்ப்ளிஃபையர்தான்.

நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துல ஏ.ஆர். ஒரு இசை அறை வெச்சிருந்தாங்க. யார் வேணும்னாலும் உள்ளே போய் உக்காந்து பாட்டு கேக்கலாம். அங்கே விற்பனையே கிடையாது! ரயிலுக்குக் காத்திருக்கற குமாஸ்தா, கையில அஞ்சு காசு இல்லாத மாணவன், எல்லாருக்கும் அதே நாற்காலி. நம்ம ஊர் ஷோரூம்ல செருப்பைப் பார்த்து, சட்டையைப் பார்த்து, அப்புறம்தானே ரிமோட்டைக் கையில எடுக்கறாங்க?

பாதி விலை, அதே பேஸ்

க்ளாஸ் சும்மா இருக்கலை. கே.எல்.எச்.சை விட்டு வந்து 1967ல அட்வென்ட்னு ஆரம்பிச்சார். 1969 வாக்குல வந்த அட்வென்ட் ஸ்பீக்கர் ஒண்ணு 100 டாலர் சொச்சம். அப்போ ஏ.ஆரோட உச்ச மாடலான ஏ.ஆர்-3ஏ ஒண்ணு 250 டாலர். க்ளாஸ் சொன்னது: பேஸ் அந்தப் பெரிய ஸ்பீக்கர் அளவுக்கு இறங்கும், விலை பாதிக்கும் கீழே.

எப்படி? மூணு டிரைவருக்குப் பதிலா ரெண்டே டிரைவர். நடு டிரைவர் கட். அண்டை வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிடற அளவு சத்தம் கட். மேல வால்நட் மரத் தோல் வேண்டாமா, அதே ஸ்பீக்கர் வினைல் ஒட்டின சாதாப் பொட்டியில இன்னும் கம்மி விலைக்கு. சத்தம் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் குறைச்சா கிடைக்கிறது மட்டமான சரக்கு. ஒண்ணு ரெண்டை முழுசா வெட்டிட்டு மீதியில கை வைக்காம விட்டா கிடைக்கிறது நல்ல மலிவான சரக்கு. கடையில பார்க்க ரெண்டும் ஒரே விலைச்சீட்டோட பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கும். அதான் சிக்கல்.

வாட்ஸ் வியாபாரம்

60கள் கடைசியில டிரான்சிஸ்டர் வந்து வாட்ஸ் விலை சரிஞ்சது. உடனே விளம்பரத்துல நம்பர் விளையாட்டு. ஒரே ஆம்ப்ளிஃபையரை ஒருத்தன் 20 வாட்ஸ்ங்கறான், இன்னொருத்தன் 100ங்கறான். 1974ல அமெரிக்க வர்த்தக ஆணையம் விதி போட்டுச்சு: ஒவ்வொரு சேனலுக்கும் தொடர்ந்து குடுக்கற வாட்ஸ் எவ்வளவு, எவ்வளவு சிதைவோடன்னு சொல்லித்தான் விக்கணும். நம்ம ஊர்ல அப்படி யாரும் கேக்கலை. அதனாலதான் நான் ஸ்கூல் படிக்கும்போது உள்ளங்கை சைஸ் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்ல எல்லாம் 'பி.எம்.பி.ஓ. ஆயிரம் வாட்ஸ்'னு ஸ்டிக்கர் மின்னிக்கிட்டிருந்தது. அந்த அடாப்டர் மொத்தமா இழுக்கறதே 10 வாட்ஸ் இருக்காது. ஆயிரத்தை எந்த வானத்துல இருந்து கொண்டு வந்தாங்கன்னு கணக்குப் போட்டா நம்ம பேராசிரியருக்கே மயக்கம் வந்துடும்.

இந்தக் கூத்து நடுவுல 1978 வாக்குல வந்தது நாட் 3020. எரிக் எட்வர்ட்சன் டிசைன் பண்ணது. பெட்டியில எழுதியிருந்தது வெறும் 20 வாட்ஸ். முகப்பு மங்கின சாம்பல் கலர், பார்த்தா காதல் வராது. ஆனா பரிசோதனைக்கூடத்துல மாட்டற 8 ஓம் ரெசிஸ்டரும் வீட்டுல இருக்கற நிஜ ஸ்பீக்கரும் ஒண்ணு இல்லைன்னு தெரிஞ்சு செஞ்ச ஆம்ப்ளிஃபையர் அது. நிஜ ஸ்பீக்கர்ல ஓம் ஏறும், இறங்கும். திடீர்னு மேளம் விழும்போது ஒரு கணத்துக்கு எழுதினதைப் போல ரெண்டு மடங்கு குடுக்கும். நம்பர்ல பெருமையை விட்டுக்கொடுத்துட்டு மின்மாற்றிக்கும் மின்தேக்கிக்கும் காசு செலவழிச்ச டிசைன். மலிவு விலை ஆம்ப்ளிஃபையர்னா இன்னைக்கும் பழைய ஆளுங்க முதல்ல சொல்ற பேரு இதுதான்.

கணக்குக்கு வந்த பேஸ்

பொட்டியில ஓட்டை போட்டு குழாய் வெச்ச ஸ்பீக்கர் இப்போ நிறைய பார்க்கறோம். அது பழைய ஐடியாதான். ஆனா குழாய் எவ்வளவு நீளம், பொட்டி எவ்வளவு பெருசுங்கறது ரொம்ப நாள் குத்துமதிப்பு. ஆஸ்திரேலியாவுல நெவில் தீல் 1961லயே இதுக்குக் கணக்கு எழுதிட்டார். அங்கேயே ரிச்சர்ட் ஸ்மால் 70கள் ஆரம்பத்துல அதை விரிவாக்கினார். அதுக்கப்புறம் டிரைவரோட சில எண்கள் இருந்தா போதும், பேஸ் எங்கே இறங்கும்னு பேப்பர்லயே சொல்லிடலாம். இன்னைக்கு அதுக்கு இலவச மென்பொருள் கிடைக்குது. நான் மீட்டிங்ல மைக்கை அணைச்சுட்டு அதுலதான் பொட்டி வரைவேன் (மேனேஜர் இந்தப் பக்கம் வரமாட்டார்ங்கற தைரியம்).

வாட்ஸ் கதையோட கடைசிப் பகுதி 2000கள்ல. ஆத்யா திரிபாதி ஆரம்பிச்ச டிரைபாத் கம்பெனியோட சில்லுகள். வழக்கமான ஆம்ப்ளிஃபையர் பாதி கரண்ட்டைச் சூடாவே வீணடிக்கும். இது வேகமா ஆன் ஆஃப் பண்ணியே வேலை பார்க்கற டி வகை, சூடே ஆகாது. 2005 வாக்குல இந்தச் சில்லு வெச்சு, எட்டு பேட்டரி செல்லுல ஓடற ஒரு பிளாஸ்டிக் ஆம்ப்ளிஃபையர் 40 டாலருக்குள்ள வந்து ஆடியோ உலகத்தையே புரட்டிப் போட்டுச்சு. டிரைபாத் 2007ல திவாலாயிடுச்சு. ஆனா உலகத்தைக் குலுக்கின 25 சில்லுகள்னு ஐ.ஈ.ஈ.ஈ. பத்திரிகை 2009ல போட்ட பட்டியல்ல அதோட டி.ஏ. 2020க்கு இடம் உண்டு. இப்போ அதே வகைச் சில்லு போட்ட போர்டு ரிச்சி தெருவுல கிடைக்குது. என்னோடது ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள்ள உக்காந்திருக்கு. இரைச்சல் தடுப்புக்கு உலோக உறை நல்லதுதானே!

வில்ச்சர் 1954ல வாட்ஸ் விலை கூடவா இருந்தபோதே திறனை விட்டுக்கொடுத்தார். இன்னைக்கு வாட்ஸ் விலை காய்கறி விலை. அவர் செஞ்ச பேரம் வருஷா வருஷம் இன்னும் லாபமாகிட்டே வருது. உங்க மேசையில இருக்கற குட்டி ப்ளூடூத் ஸ்பீக்கர் அந்த சைஸுக்கு மீறின பேஸ் குடுக்குதுன்னா அதுக்கும் அதே கணக்குதான்: சின்னப் பொட்டி, கனமான கூம்பு, தாராளமா வாட்ஸ்.

கண்ணை மூடிக்கிட்டு

கடைசியா ஒரு சோதனை. ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஹர்மன் கம்பெனியில 1994ல வெளியிட்டது. அந்தக் கம்பெனி ஊழியர்கள் 40 பேர், நாலு ஸ்பீக்கர். முதல்ல திரைக்குப் பின்னாடி வெச்சு மார்க் போடச் சொன்னாங்க, அப்புறம் கண்ணுக்குத் தெரியற மாதிரி வெச்சு. நாலுல ஒண்ணு சின்ன, மலிவான செட். திரைக்குப் பின்னாடி இருந்தபோது தாக்குப்பிடிச்சது, கண்ணுக்குத் தெரிஞ்சதும் மார்க்குல சறுக்கிடுச்சு. பெரிய, பளபளப்பான ஸ்பீக்கருக்கு மார்க் ஏறிடுச்சு. ஸ்பீக்கர் செய்யற கம்பெனியில வேலை பார்க்கறவங்களுக்கே இந்த நிலைமை.

எனக்கு இதுதான் இந்த மொத்தக் கதையிலயும் உறுத்தற விஷயம். காசு கம்மியா இருக்கறவனுக்கு நல்ல ஒலி கிடைக்காதுன்னு இல்லை, 60 வருஷமா கிடைச்சுக்கிட்டுதான் இருக்கு. ஆனா அவனே அதை நம்பறதில்லை. "நம்ம ரேஞ்சுக்கு இவ்வளவுதான்"னு ஸ்டிக்கர்ல பெரிய நம்பர் போட்ட லைட்டு எரியற டப்பாவை இ.எம்.ஐ. போட்டு வாங்கிட்டுப் போறான். அப்புறம் ரெண்டு வருஷம் தவணை கட்டிக்கிட்டே, தனக்குத்தான் காது சரியில்லை போலன்னு நினைச்சுக்கறான்.

அதனால அந்த "எதை விட்டுக்கொடுப்பீங்க"க்கு என் சொந்தப் பட்டியல் இது. சத்தத்தை விட்டுக்கொடுங்க, வாடகை வீட்டுல ஹவுஸ் ஓனரும் சந்தோஷப்படுவார். அழகை விட்டுக்கொடுங்க. ரிமோட், கலர் லைட், புதுசுங்கற வாசனை எல்லாத்தையும் விடுங்க, பழைய ஸ்பீக்கர் ஒண்ணும் குறைஞ்சது இல்லை. கடைசி ஒரு ஸ்தாயி பேஸையும் விடுங்க. 11 அடி நீள ரூம்ல 50 ஹெர்ட்ஸ் பக்கம் சுவரே ஒரு முனகல் முனகும், அதுக்குக் கீழே காசைக் கொட்டறது அப்புறமா பார்த்துக்கலாம். பட்ஜெட்ல பாதிக்கு மேல ஸ்பீக்கருக்குப் போடுங்க. ட்வீட்டர் காது உயரத்துல, ரெண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு சம முக்கோணமா, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி. இதுக்குக் காசே வேண்டாம், ஆனா பாதிப் பேர் வீட்டுல ஒரு ஸ்பீக்கர் பீரோ மேலயும் இன்னொண்ணு சோபா அடியிலயும் இருக்கு!

வில்ச்சர் 1967ல ஏ.ஆரை வித்துட்டு வூட்ஸ்டாக்குக்கே போய் மிச்ச காலத்தைக் காது கேக்காதவங்களுக்கான கருவி ஆராய்ச்சியில செலவழிச்சார். ஒலியைப் பல அலைவரிசையா பிரிச்சு ஒவ்வொண்ணையும் தனித்தனியா அமுக்கற முறையைக் கொண்டு வந்தார். இன்னைக்கு வர்ற காது கருவிகளுக்கு அதுதான் அடிப்படை. அதுக்கு அவர் காப்புரிமை வாங்கலை, வேணும்ங்கறவங்க எடுத்துக்கங்கன்னு விட்டுட்டார். 2011 அக்டோபர்ல, 94 வயசுல காலமானார்.

உங்க வீட்டுல என்ன செட், எதை விட்டுக்கொடுத்து வாங்கினீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. பானையில ஸ்பீக்கர் வெச்ச அண்ணன்கள் யாராவது இருந்தா, பானை சைஸையும் மறக்காம எழுதுங்க. மென்பொருள்ல போட்டுப் பார்த்துச் சொல்றேன்.